நூற்று நாற்பத்து மூன்று தப்பையும் திரும்பப் போடக் கோரி மாப்பிள்ளைக்கு எழுதியது

விசுவாவசு ஆண்டு மார்கழி மாதம் ஐந்தாம் நாள், காரைக்குடி செக்காலையில் காளியாயி பாத்திர வாடகை நிலையம் நடத்திவரும் செம்மலை ஆகிய நான், கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவரும், என் மகள் அனுசுயாவின் கணவரும், எங்கள் குடும்பத்துக்கு ஒரே மாப்பிள்ளையுமான கதிரவன் அவர்களுக்கு, முழு மனதோடும் யாருடைய தூண்டுதலும் இன்றியும் எழுதிக்கொள்ளும் கடிதம் என்னவென்றால்:

இப்படித் தொடங்கியது நான் அல்ல, ஏகப்பன். எனக்குக் கைநாட்டுத்தான் என்பது உங்கள் கல்யாணத்தைப் பதிவு செய்த அன்றே நீங்கள் பார்த்தது. ஏகப்பன் நாற்பது வருஷம் ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதியவர். நான் சொல்லச் சொல்ல எழுதச் சம்மதித்திருக்கிறார். ஒரே நிபந்தனை, எழுதியதை அடிக்கமாட்டார். அடித்தல் திருத்தல் இருந்தால் பத்திரம் செல்லாதாம். கடிதம்தானே ஏகப்பா என்றால், எதுவானாலும் என் கையால் அடித்தல் கிடையாது என்கிறார். 'யாருடைய தூண்டுதலும் இன்றி' என்று அவர் வாசித்ததும் உங்கள் அத்தை காளியாயி அடுப்படியிலிருந்து சிரித்த சிரிப்பை எழுத வேண்டாம் என்றேன். எழுதிவிட்டார்.

நீங்களும் அனுசுயாவும் சுகமாக இருப்பீர்கள். இங்கே நான் சுகம். முழங்கால் நீங்கலாக உங்கள் அத்தை சுகம். அண்டா, குண்டா, தவலை, தாம்பாளம் எல்லாம் சுகம், கழுவிக் கவிழ்த்தது கவிழ்த்தபடி ஐப்பசியிலிருந்து ஓய்வாக இருக்கின்றன. கடை மட்டும் சுகமில்லை. போனில் சொன்னால் "மாமா, அது அப்பிடி இல்ல" என்று பாதியிலேயே வெட்டிவிடுவீர்கள். கடிதத்தில் அப்படிக் குறுக்கே வர முடியாது என்பதால் இந்த ஏற்பாடு.

ஆடிக் கடைசியில் குலசாமிக்குக் கிடா வெட்ட வந்தீர்கள். கறிச்சோறு முடிந்து கடையில் உட்கார்ந்தபோது நம் கடையின் இன்டர்நெட் பக்கத்தைப் போனில் திறந்து பார்த்தீர்கள். அது சுபா செய்து கொடுத்தது. பஸ் ஸ்டாண்டு போகும் வழியில் ஜெராக்ஸ் கடை வைத்து, ஆதார் திருத்தமும் கல்யாணப் பத்திரிகையும் ஒரே மேசையில் செய்கிறாளே, அந்தச் சுபா. எனக்கு எழுத்துத் தெரியாது, படம் தெரியும். மேலே உங்கள் அத்தை பெரிய இட்லிக் கொப்பரைக்குப் பக்கத்தில் ஏறக்குறைய அதே உயரத்தில் நின்றுகொண்டிருப்பாள். கீழே போன் நம்பர் சிவப்பாக, திருவிழா சீரியல் லைட் மாதிரி அணைந்து அணைந்து எரியும். அதற்கும் கீழே அண்டா வாடகை, பந்திப் பாய் வாடகை, ஜல்லிக்கரண்டி வாடகை என்று ஜனங்கள் கடைக்கு வந்தால் எப்படிக் கேட்பார்களோ அப்படியே எழுதியிருப்பதாகச் சுபா வாசித்துக் காட்டியிருக்கிறாள். பார்க்க லட்சணமாக இல்லைதான். நீங்கள் அதை ஏதோ ஒரு பரிசோதனையில் கொடுத்து எடுத்துவிட்டு, ஸ்கேன் பார்த்த டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டீர்கள்.

"மாமா, இதுல நூத்தி நாப்பத்தி மூணு தப்பு இருக்கு."

"போன் நம்பரு தப்பா மாப்ள?"

"நம்பரு சரிதான். உள்ளுக்க கம்ப்யூட்டருக்காக எழுதியிருக்கிற குறிகதான் தப்பு. தொறந்ததை மூடலை, மூடுனதை ரெண்டு தடவ மூடியிருக்கு."

"உள்ளுக்க இருக்கிறத யாரு பாக்கப் போறாக?"

"கூகுள் பாக்கும் மாமா. காரைக்குடியில பாத்திர வாடகைன்னு தேடுனா இம்புட்டுத் தப்போடயே மூணாவதா வாரீக. தப்ப எல்லாம் எடுத்துட்டா மொத ஆளா வருவீக."

மொத ஆளு! அந்த ஒரு சொல்லில்தான் விழுந்தேன். இல்லையென்றால் எழுபத்தாறு வயதில் எனக்குப் புத்தி இருந்திருக்கும். எங்கள் ஊர்க் கோயிலில் முதல் திருநீறு யாருக்கு என்பதில் அறுபது வருஷமாக நடந்த அத்தனை சண்டையும் எனக்கு நினைவிருக்கிறது. யார் யாருக்குக் கிடைத்தது, யார் துண்டை உதறிவிட்டு நடுவிலேயே போனார், யார் மைத்துனன் மண்டை உடைந்தது, எல்லாம் வரிசையாகச் சொல்வேன். ஒழுக்கத்தில் ஒரு குறையும் இல்லாதவர் என்பதற்காக ஒருவருக்கு முதல் திருநீறு கிடைத்து நான் பார்த்ததில்லை. இருபது பேர் பின்னால் நின்று "அவுகளுக்குக் குடுங்க" என்று சத்தம் போடுகிறார்களே, அவருக்குத்தான் கிடைக்கும். கூகுள் மட்டும் நெற்றியைத் துடைத்துப் பார்த்துப் பூசுமாக்கும் என்று அன்றைக்கு நான் கேட்டிருக்க வேண்டும். கறிச்சோற்று மயக்கம், கேட்கவில்லை.

நீங்கள் பழையதைத் தூக்கிவிட்டு இரண்டு மாதம் உழைத்துப் புதுசு செய்தீர்கள். உழைப்பைக் குறை சொல்லமாட்டேன். புரட்டாசியில் அது முடிந்ததும், பச்சைக் கோடு போட்ட தாள் ஒன்றைத் தபாலில் அனுப்பினீர்கள். பிழைகள் இல்லை, எச்சரிக்கைகள் இல்லை என்று அதில் இருப்பதாக ஏகப்பன் வாசித்தார். உங்கள் அத்தை அதைக் கண்ணாடி போட்டு முருகன் படத்துக்கும் காலண்டருக்கும் நடுவில் மாட்டி, மாப்பிள்ளை வாங்கிய பட்டம் என்று வெள்ளிக்கிழமை தோறும் குங்குமம் வைக்கிறாள். பக்கத்தைத் திறந்து பார்த்தால் அவளைக் காணோம். அவள் நின்ற இடத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் கிண்ணத்தில் பச்சை இலையை வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். "இவ யாரு, நம்ம கடையில இவளுக்கு என்ன வேல?" என்று உங்கள் அத்தை கேட்டாள். அண்டாவையும் குண்டாவையும் எடுத்துவிட்டு, விழாக்கால உணவுக்கலன் தீர்வுகள் என்று எழுதியிருக்கிறதாம். தீர்வு என்றால் என்ன வாடகை, எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று ஏகப்பனே கேட்கிறார். போன் நம்பர் எரிந்த இடத்தில் ஒரு படிவம். பேர், ஊர், தேதி எல்லாம் நிரப்பி அனுப்ப வேண்டும். கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் கையும் காலும் ஓடாமல் நிற்கிற பெண்ணின் தகப்பன் படிவம் நிரப்புவானா?

நம் பாத்திரங்களின் அடியில் ஐந்து புள்ளி வெட்டியிருப்பது உங்களுக்குத் தெரியும். எழுத்துத் தெரியாத நான் போட்ட அடையாளம். வெட்டிய ஆசாரி கடைசிப் புள்ளியில் தும்மிவிட்டதால் ஐந்தாவது மட்டும் வரிசையை விட்டுக் கொஞ்சம் விலகி நிற்கும். மற்ற வீடுகளில் விலாசத்தை முத்து முத்தாக வெட்டி வைத்திருப்பார்கள். ஆனால் ஐம்பது வருஷத்தில், அண்டாவைக் கவிழ்த்து அடியில் எழுத்து ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பந்தியில் உட்கார்ந்த ஒரு மனிதனை நான் கண்டதில்லை. எல்லோரும் உள்ளே சாம்பார் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். நீங்கள் அடியை மினுக்கிவிட்டுச் சாம்பாரைக் கொட்டிவிட்டீர்கள் மாப்பிள்ளை. கோபிக்கக் கூடாது.

ஐப்பசி பிறந்தது, போன் அடிக்கவில்லை. கார்த்திகையில் அத்தனை முகூர்த்தம் இருந்தும் நான்கே நான்கு கல்யாணம், நான்கும் என் முகத்தைத் தெரிந்தவர்கள். தேடிப் பார்க்கச் சொன்னால் மூன்றாவது இடத்திலும் இல்லை, முப்பதாவது இடத்திலும் இல்லை. முதல் ஆளாக நிற்பது காளிராஜ். அடுத்த தெருவில் நமக்குப் போட்டியாகப் பாத்திர வாடகை விடுகிற காளிராஜேதான். அவன் பக்கத்தைத் திறந்தால் நாதஸ்வரம் வாசிக்கிறது, நிறுத்த வழியில்லை. சாமந்திப்பூ மேலிருந்து கொட்டிக்கொண்டே இருக்கிறது. ஏகப்பனுக்குத் தலை சுற்றி மோர் கொடுக்க வேண்டியதாயிற்று. உங்களிடம் சொன்னதும் அதையும் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டுச் சிரித்தீர்கள்.

"மாமா, நானூத்தி பன்னெண்டு தப்பு! குப்ப மாமா அது."

"குப்பதான் மாப்ள. மொத ஆளா நிக்கிது."

"கூகுள் நம்ம பக்கத்த இன்னும் சரியாப் பாக்கலை. பொறுமையா இருங்க."

பொறுமையாகத்தான் இருந்தேன், தேவகோட்டைச் செய்தி வரும்வரை. மெய்யநாதன் செட்டியார் வீட்டை உங்களுக்குத் தெரியும். அவர்கள் வீட்டிலேயே ஊருக்குப் பொங்கிப்போடும் அளவுக்குப் பாத்திரம் உண்டு. ஆனால் அது பூட்டிய அறையில் இருக்கிறது, அந்தப் பூட்டைத் திறக்க ஒன்பது பங்காளியும் சம்மதிக்க வேண்டும், ஒன்பது பேரும் ஒன்பது ஊரில் இருக்கிறார்கள். அதனால் எண்பத்தேழில் அவர் கல்யாணத்துக்கும், பிறகு அவருடைய அப்பச்சியின் எண்பதாம் கல்யாணத்துக்கும், போன வைகாசியில் அவர் மகள் கல்யாணத்துக்கும் நம் பாத்திரம்தான் போனது. வருகிற தை பதினைந்தில் அவருக்கு அறுபதாம் கல்யாணம். இரண்டாயிரம் இலை. அந்த வீட்டுக்கு நம் அண்டா போகிறது என்றால் சுற்றியுள்ள எட்டு ஊரும் நம்மிடம் வரும், போகவில்லை என்றால் ஏன் போகவில்லை என்று அந்த எட்டு ஊரும் கேட்கும். தேதி குறித்தவுடனே நேரில் போனேன். வாசலிலேயே செட்டியார் மோர் கொடுத்தார். உள்ளே கூப்பிடவில்லை.

"செம்மலை, தப்பா நெனச்சுக்கிறாதீக. அமெரிக்காவுல இருக்கிற எங்க மக இன்டர்நெட்டுல தேடிப் பாத்துச்சாம். காளிராஜ்தான் வந்தாகளாம். பேசிட்டோம்."

"முடிச்சிட்டீகளா?"

"இன்னும் அட்வான்ஸ் குடுக்கலை. தை பொறந்ததும் குடுக்கணும்."

நம் கைத்தவலையில் அந்தப் பெண்ணுக்குக் காதுகுத்துப் பால் காய்ச்சியது எனக்கு நினைவிருக்கிறது. அமெரிக்காவில் உட்கார்ந்து தேடினால் அதற்குக் காளிராஜ் வருகிறான். மோரை நின்றபடியே குடித்துவிட்டு வந்தேன் மாப்பிள்ளை.

திரும்பும்போது பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே சுபாவிடம் போனேன். நீங்கள் அவள் வேலையை நூற்று நாற்பத்து மூன்று என்று எண்ணிச் சொன்னது அவள் காதுக்குப் போயிருந்தது. இருந்தாலும் உட்காரச் சொன்னாள். தப்புத்தான் நம்மைக் கவிழ்த்ததா, தப்பில்லாததுதான் கவிழ்த்ததா என்று கேட்டேன்.

"ஐயா, கூகுள் தப்ப எண்ணி மார்க்குப் போடாது. ஒலகத்துல பெரும்பாலான பக்கம் தப்போடதான் நிக்கிது. அதுக்காகத் தள்ளி வச்சா காட்டுறதுக்குப் பக்கமே மிஞ்சாது."

"அப்ப சுத்தமா எழுதுறது வீணா?"

"வீணுன்னு யாரு சொன்னா? பின்னால திருத்துறவுகளுக்குச் சுலபம். கண்ணு தெரியாதவுக காதால கேட்டுப் படிக்கவும் ஒதவும். உங்க மாப்ள வேலை என் வேலைய விட நல்ல வேலதான். ஆனா அதுக்காக ஒரு படி மேல ஏத்திவிட மாட்டாக. ஜனங்க தேடுற வார்த்த இருக்கணும், சட்டுன்னு தொறக்கணும், நாலு பேரு நம்ம பேரச் சொல்லணும்."

"அதெல்லாம் இல்லேன்னா பின்னால போகும் சரி. ஒரேயடியா எப்பிடிக் காணாமப் போகும் சுபா?"

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. ஆவணி பதினெட்டு, புதன்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம். நீங்கள் தயிர்ச்சோற்றுக்கு மாவடு கடித்துக்கொண்டே போனில் பேசினீர்கள். மாவடு உடைந்த சத்தம்கூட என் காதில் இருக்கிறது. "வேல அரைகொறையா இருக்கு மாமா. யாரும் வந்து பாத்துறக் கூடாதுன்னு, இதக் காட்டாதேன்னு கூகுளுக்கு ஒரு வரி எழுதி வச்சிருக்கேன். முடிஞ்சதும் எடுத்துருவேன்" என்றீர்கள். எடுத்ததாகப் பிறகு எந்த நாளும் நீங்கள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன கிழமை, என்ன தொட்டுக்கொண்டீர்கள் என்பது எனக்குத் தெரிந்திருக்கும். சுபாவிடம் சொன்னேன். அவள் இரண்டு தட்டுத் தட்டி உள்ளே பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இருக்குய்யா. மேலயே இருக்கு. என்னைத் தேடலில் காட்டாதேன்னு அழகா எழுதியிருக்காக."

"அப்ப அந்தப் பரிசோதனையில பச்சைக் கோடு எப்பிடி விழுந்துச்சு?"

"அந்த வரியிலயும் தப்பு ஒண்ணும் இல்லையே ஐயா!"

இதைக் கேட்டு ஏகப்பன் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார், பிறகுதான் எழுதினார். கடை வாசலில் 'கடை விடுமுறை' என்று ஒரு போர்டு. எழுத்து முத்து முத்தாக, காலும் கொம்பும் அதனதன் இடத்தில், புள்ளி ஒன்று குறையவில்லை. உள்ளே நான் மூன்று மாதமாக விளக்கை ஏற்றிவைத்துக்கொண்டு, ஏன் ஒருவரும் வரவில்லை என்று உட்கார்ந்திருக்கிறேன். சுவரில் அந்தப் போர்டுக்கு நூற்றுக்கு நூறு மார்க் என்று பட்டம் வேறு, குங்குமப் பொட்டோடு.

ஆகவே மாப்பிள்ளை, நான் கேட்பது இதுதான். சுபாவின் பக்கத்தை, நூற்று நாற்பத்து மூன்று தப்போடும் அப்படியே திரும்பப் போட்டுவிடுங்கள். ஒரு தப்புக்கூடக் குறையக் கூடாது, எது சாம்பார் எது அடி என்று எனக்குத் தெரியாது. உங்கள் அத்தையை இட்லிக் கொப்பரைக்குப் பக்கத்தில் திரும்ப நிறுத்துங்கள். தை பிறப்பதற்குள் அது நடந்தால் அமெரிக்காவில் இருக்கும் அந்தப் பெண் இன்னொரு முறை தேடும்போது நாமும் கண்ணில் படுவோம். வேறு யாராவது அந்தப் பக்கத்தில் கை வைத்தால் பொங்கலுக்கு வரமாட்டேன் என்று அனுசுயாவிடம் நீங்கள் சொன்னதும் என் காதுக்கு வந்தது. அதனால்தான் சுபா இப்போதே செய்கிறேன் என்றபோதும் வேண்டாம் என்றேன். மாப்பிள்ளைக்குரிய மரியாதையில் இந்த வீட்டில் நான் குறை வைத்ததில்லை. ஆனால் தேவகோட்டை வாசலில் நான் குடித்த மோர், உங்களுக்கு நான் வைத்த மரியாதைக்குக் கிடைத்த மோர் என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

நீங்களும் அனுசுயாவும் பதினாறும் பெற்று, பிழையோ பிழையில்லாமலோ, எல்லோர் கண்ணிலும் படும்படி வாழக் கற்பக விநாயகர் துணையிருப்பார். உங்கள் அத்தை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
செம்மலை (கைநாட்டு)

பின்குறிப்பு, மார்கழி பதினொன்று:

மேற்படி கடிதம் ஏகப்பனின் பையிலேயே ஆறு நாள் கிடந்தது. தபால் தலை வாங்கப் போனவர் பத்திரம் எழுத உட்கார்ந்துவிட்டார். அதற்குள் நடந்தது வருமாறு. சதுர்த்திக்கு உங்கள் அத்தை பிள்ளையார்பட்டி போனாள். அங்கே பிரகாரத்தில் மெய்யநாதன் செட்டியாரின் மனைவி சீதை ஆச்சியைப் பார்த்திருக்கிறாள். என்னை மாதிரி சுற்றி வளைக்காமல் நேராகக் கேட்டுவிட்டாள்.

ஆச்சி சொன்னது: "இன்டர்நெட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல காளியாயி. மொகத்துக்கு நேர சொல்லக் கூடாதுன்னு மக மேல பழியப் போட்டாக. போன வைகாசியில எங்க சம்மந்தி வீட்டு ஆளுக அத்தன பேரும் பந்தியில இருக்கையில, எம்பத்தேழுல எங்க கல்யாணத்துக்கு வந்த ஜல்லிக்கரண்டி இன்னும் திரும்பி வரலைன்னு சத்தமாச் சொன்னாகளே உங்க வீட்டுக்காரரு. மறந்துட்டீகளா?"

நான் மறக்கவில்லை. சொன்னது நினைவிருக்கிறது, எந்தப் பந்தி என்பதும் நினைவிருக்கிறது, இரண்டாம் பந்தி, பாயசம் வரும் நேரம். அதில் தப்பு இருக்கும் என்பது மட்டும் தோன்றவில்லை. ஏனென்றால் கரண்டி உண்மையிலேயே வரவில்லை.

நேற்று ஆச்சியே கடைக்கு வந்தார்கள். ஒரு ஜல்லிக்கரண்டியைத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்து, "பழைய சாமான்ல கெடந்துச்சு செம்மலை, உங்களுதுதான், புள்ளியப் பாருங்க" என்றார்கள். பார்த்தேன். ஐந்து புள்ளி. ஐந்தும் நூல் பிடித்த மாதிரி ஒரே வரிசையில், ஆசாரி தும்மிய ஐந்தாவதுகூட விலகாமல். வாயைத் திறந்தேன். உங்கள் அத்தை என்னைப் பார்த்தாள். மூடிக்கொண்டேன். எழுபத்தாறு வயதில் முதல் தடவை. தை பதினைந்துக்கு நம் பாத்திரம் போகிறது. கூட நான் போகக் கூடாது என்பது ஆச்சியின் நிபந்தனை. உங்கள் அத்தை போகிறாள்.

ஆகையால் மாப்பிள்ளை, தேவகோட்டை மோருக்கும் உங்கள் பக்கத்துக்கும் சம்பந்தமில்லை. என் வாய்க்கும் அதற்கும்தான் சம்பந்தம். பழையதையே போடுங்கள் என்றதையும், மாவடுவையும், பட்டத்தைப் பற்றிப் பேசியதையும் அடித்துவிடச் சொன்னேன். ஏகப்பன் மாட்டேன் என்கிறார். கூகுளுக்கு எழுதி வைத்த அந்த ஒரு வரியை முடிந்தால் எடுங்கள், முடியாவிட்டால் இருக்கட்டும். பொங்கலுக்கு மட்டும் வந்துவிடுங்கள்.

மேற்படி கடிதத்தில் அடித்தல், திருத்தல், இடைச்செருகல், எழுத்துப் பிழை ஏதும் இல்லை என்று இருமுறை வாசித்துப் பார்த்து உறுதி கூறுகிறேன்.
எழுதியவர்: ஏகப்பன்.